முதல் அழைப்பு யாருக்கு? – சில குறிப்புகள்

1

போர்டிங் அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே வரிசை முளைத்துவிடுகிறது. சென்னை உள்நாட்டு முனையத்தில் கோவை விமானத்துக்காகக் காத்திருந்த ஒரு மாலையில் இதைக் கவனித்து எழுதினேன். முதலில் ஒருவர் எழுந்து போய்க் கேட் அருகே நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர். அத்தனை பேர் கையிலும் சீட் எண் அச்சிட்ட போர்டிங் பாஸ். இடம் பறிபோகாது. முதலில் ஏறியவரும் கடைசியில் ஏறியவரும் ஒரே நேரத்தில்தான் கோவை போய்ச் சேர்வார்கள். பிறகு ஏன் நிற்கிறார்கள்?

அன்று நோட்டில் எழுதிய இந்தக் கேள்விக்குக் கீழே, படித்ததும் பார்த்ததுமாகச் சேர்ந்தவை இவை.

2

கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு விரைகிறவரைப் பெருந்தீனிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மூன்றாம் பந்தியில் வடை தீர்ந்திருக்கும், பாயசம் நீர்த்திருக்கும் என்று அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

விமானத்தில் தீர்ந்துபோகிற வடை, சீட்டுக்கு மேலே பை வைக்கும் அறை. நூற்றெண்பது பேர் ஏறும் விமானத்தில் நூற்றெண்பது பெட்டிகளுக்கு அங்கே இடம் கிடையாது. கடைசியில் வருகிறவர் தன் பையை ஐந்து வரிசை தள்ளி எங்கோ திணிக்க வேண்டும், அல்லது கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டு, இறங்கியபின் பெல்ட் அருகே காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பஞ்சம் முற்றியதற்கு ஏறக்குறையத் தேதியே சொல்லலாம். எரிபொருள் விலை ஏறிய 2008ஆம் ஆண்டு ஜூனில், செக்-இன் செய்யும் முதல் பெட்டிக்கு 15 டாலர் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கட்டணம் வைத்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பெட்டிக்குக் காசு என்றதும் பயணிகள் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மேல் அறை நிரம்பியது. முன்னால் ஏறுவதற்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததும் அதற்கும் விலை வைக்கப்பட்டது.

கேட் அருகே நிற்கும் நாற்பது பேரை நாகரிகம் தெரியாதவர்கள் என்று நான் இனிமேல் நினைக்க மாட்டேன். தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் வரிசை இருக்கும். ரேஷன் கடைக்கும் அதுதான், ஆகாய விமானத்துக்கும் அதுதான்.

3

ஒரு கணக்கு. போயிங் நிறுவனப் பொறியாளர்கள் 1998இல் எழுதிய கட்டுரை ஒன்றில், 1970க்குப் பிறகு பயணிகள் ஏறும் வேகம் பாதியளவு வரை குறைந்து, நிமிடத்துக்கு ஒன்பது பேர் என்ற அளவுக்குக்கூட வந்துவிட்டது என்று கண்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில் 180 பேர் ஏற 20 நிமிடம். பழைய வேகத்தில் பத்தே நிமிடம் போதும்.

அவர்கள் அதை எழுதியது பெட்டிக் கட்டணம் வருவதற்குப் பத்தாண்டு முன்பு. சக்கரம் வைத்த பெட்டி அப்போதே உள்ளே வரத் தொடங்கிவிட்டது.

4

ஏறுவது ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் எல்லோரும் இரண்டு அடைப்புகளைச் சொல்கிறார்கள்.

முதலாவது, நடைவழி அடைப்பு. ஏழாம் வரிசைக்காரர் பையைத் தூக்கி மேலே வைக்கும்வரை, அவருக்குப் பின்னால் வருகிற எட்டாம் வரிசைக்காரரும் முப்பதாம் வரிசைக்காரரும் நின்றே ஆக வேண்டும். ஒற்றையடிப் பாதையில் மாட்டுவண்டி நின்றால் பின்னால் வருகிற பஸ்ஸும் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, சீட் அடைப்பு. ஓர சீட்டிலும் நடு சீட்டிலும் ஆள் உட்கார்ந்தபின் ஜன்னல் சீட்டுக்காரர் வந்தால், உட்கார்ந்த இருவரும் பெல்ட்டைக் கழற்றி எழுந்து நடைவழிக்கு வந்து வழிவிட்டுத் திரும்ப உட்கார வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பின்னால் கூட்டம் நிற்கிறது.

விமானத்தில் ஏறும் ஒழுங்கைப் பற்றிய ஆய்வு எல்லாம் இந்த இரண்டு அடைப்புகளோடும் போராடுவதுதான்.

5

பின்வரிசைக்காரர்களை முதலில் அனுப்பினால் விரைவாக முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தண்ணீர்க் குடம் அடியிலிருந்து நிரம்புவதுபோலத்தானே? கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் தவறு.

25 முதல் 30 வரையான வரிசைகளை ஒன்றாக அழைத்தால், முப்பத்தாறு பேரும் வால்பகுதியில் ஆறு வரிசைக்குள் நெருக்குகிறார்கள். அந்தச் சிறிய இடத்தில் ஒரே சமயத்தில் ஓரிருவர்தான் பை வைக்க முடியும். மற்றவர்கள் நடைவழியில் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் இருபத்துநான்கு வரிசைகள் காலியாகவே கிடக்கின்றன. கேட்டில் நின்ற வரிசை இடம் மாறி விமானத்துக்குள் நிற்கிறது, அவ்வளவுதான்.

யாருக்கு எந்த வரிசை என்று பார்க்காமல் வந்தவர்களை வந்தபடி விட்டால், ஒருவர் 4ஆம் வரிசையில், ஒருவர் 17இல், ஒருவர் 28இல் என்று பரவிக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் பல கைகள் மேல் அறையைத் திறக்கும். ஒழுங்கே இல்லாத ஏற்றம், பின்வரிசை ஒழுங்கைவிட வேகமாக முடிந்துவிடும்.

6

இதைக் கணக்காகச் செய்து காட்டியவர் ஜேசன் ஸ்டெஃபன். தொழில்முறையில் அவர் வான்இயற்பியலாளர். ஃபெர்மி ஆய்வகத்தில் இருந்தபோது, 2008இல் விமானத்தில் ஏறும் ஒழுங்கைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்ன முறை: ஒரு பக்க ஜன்னல் சீட்டுக்காரர்கள் முதலில். அதிலும் பின்னாலிருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. 30, 28, 26, 24 என்று. அடுத்து மறுபக்க ஜன்னல்கள் அதே ஒழுங்கில். பிறகு விடுபட்ட வரிசைகளின் ஜன்னல்கள். அதன்பின் நடு சீட், கடைசியில் ஓர சீட்.

இப்படி ஏறினால் அடுத்தடுத்து வருகிற இருவருக்கும் நடுவே ஒரு வரிசை இடைவெளி இருக்கும். முழங்கை இடிக்காமல் பலரும் ஒரே நேரத்தில் பை வைக்கலாம். யாருக்காகவும் யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

2012இல் வெளியான சோதனை முடிவும் இருக்கிறது. போயிங் 757 போல அமைத்த ஒரு மாதிரி உடற்பகுதி, 12 வரிசை, 72 பேர், கையில் பெட்டிகளோடு. சில வரிசைகளைச் சேர்த்துக் கட்டம் கட்டமாக அழைத்தபோது 6 நிமிடம் 54 விநாடி. பின்னாலிருந்து வரிசை வரிசையாக: 6 நிமிடம் 11 விநாடி. எந்த ஒழுங்கும் இல்லாமல்: 4 நிமிடம் 44 விநாடி. ஜன்னல், நடு, ஓரம் என்ற முறையில்: 4 நிமிடம் 13 விநாடி. ஸ்டெஃபன் முறையில்: 3 நிமிடம் 36 விநாடி.

கட்டமாக அழைப்பதுதான் ஐந்திலும் மெதுவானது. உலகம் முழுக்கக் கேட்டில் அதிகம் கேட்கிற குரலும் அதுதான்.

7

ஸ்டெஃபன் முறையை யாராலும் அப்படியே நடைமுறைப்படுத்த முடியவில்லை. காரணம் எளிது. 14ஏ, 14பி, 14சி என்று உட்காரும் தாய், தந்தை, நான்கு வயதுப் பிள்ளை மூவரையும் மூன்று வெவ்வேறு அழைப்பில் ஏறச் சொல்ல முடியுமா? மனிதர்கள் குடும்பமாகப் பயணம் செய்கிறார்கள். கணக்கில் மனிதர்கள் தனித்தனிப் புள்ளிகள்.

கொஞ்சம் தளர்த்திய முறை நடைமுறைக்கு வந்தது. ஜன்னல், நடு, ஓரம். இதற்கு அமெரிக்காவில் 'வில்மா' என்று பெயர். யுனைடெட் ஏர்லைன்ஸ் 2017 வரை பின்பற்றி, விட்டுவிட்டு, 2023 அக்டோபரில் திரும்பக் கொண்டுவந்தது. விமானத்துக்கு இரண்டு நிமிடம் வரை மிச்சமாகிறது என்று அந்த நிறுவனம் சொன்னது. சேர்ந்து டிக்கெட் எடுத்த குடும்பம் சேர்ந்தே ஏறலாம் என்றும் விதி வைத்தது.

ஆனால் ஜன்னல் சீட்டுக்காரர் அங்கே மூன்றாம் பிரிவு. முதல் இரண்டு பிரிவும் உயர்வகுப்புக்கும் அடிக்கடி பறக்கிறவர்களுக்கும். மிகக் குறைந்த கட்டணத்தில் வந்தவர் எந்த சீட்டானாலும் ஆறாம் பிரிவு. முன்னும் பின்னும் பணம் நிற்கிறது. அறிவியலுக்கு நடுவில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

8

சவுத்வெஸ்ட் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1971 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்தில் பறக்கத் தொடங்கிய நிறுவனம். மறு ஆண்டே பண நெருக்கடி. இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றார்கள். நான்கு விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். அதற்கு ஒரே வழி, தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைப்பது. பத்து நிமிடத்தில் இறக்கி, துடைத்து, ஏற்றி, கிளப்ப வேண்டும்.

அங்கே அப்போது சீட் எண் கிடையாது. ஏறியவர் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. ஜன்னல் வழியாகத் துண்டு போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். 2007இல் வரிசைக்கு ஒழுங்கு கொடுத்தார்கள். ஏ, பி, சி என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் எண்கள். தன் எண்ணுக்கு எதிரே உள்ள கம்பத்தருகே போய் நின்றால் போதுமானதாக இருந்தது, முண்டியடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வயது வரையான குழந்தையோடு வந்தவர்களுக்கு ஏ பிரிவு முடிந்ததும் இடம் கிடைத்தது.

ஐம்பது ஆண்டுக்கு மேல் நின்ற வழக்கம் அது. 2024 ஜூலையில் முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். 2025 மே இறுதியில் இலவசப் பெட்டி என்ற சலுகையைப் பெரும்பாலோருக்கு எடுத்தார்கள். 2026 ஜனவரி 27 முதல் அங்கேயும் சீட் எண், எட்டுப் பிரிவுகள், முன்னால் ஏறக் கூடுதல் கட்டணம்.

வேகத்துக்காகத் தொடங்கிய ஒழுங்கு வருமானத்துக்காகக் கைவிடப்பட்டது. பணக்காரரும் மாணவரும் ஒரே வரிசையில் எண் பார்த்து நின்ற ஓர் இடம் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

9

ஐரோப்பாவிலும் இதே பாதை. ஈஸிஜெட் 2012 நவம்பர் முதல் எல்லா விமானத்திலும் சீட் எண் கொடுத்தது. ரயன்ஏரில் 2018 நவம்பர் முதல், பிரயாரிட்டி வாங்காதவர் சீட்டுக்கு அடியில் போகும் சிறு பை ஒன்றை மட்டுமே கட்டணமின்றிக் கொண்டு வரலாம். அங்கே பிரயாரிட்டி என்று விற்கப்படுவது முன்னால் ஏறும் உரிமை. உண்மையில் வாங்குகிறவர் வாங்குவது ஒரு பெட்டிக்கான இடம்.

10

முன்னால் ஏறும் உரிமை நம் நாட்டிலும் கடைச்சரக்காகிவிட்டது. இண்டிகோவில் 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' என்று ஒரு சேவை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ஸில் 'எக்ஸ்பிரஸ் அஹெட்'. கூடுதல் பணம் கட்டினால் செக்-இன்னில் தனி வரிசை, ஏறுவதில் முன்னுரிமை.

ஆனால் இந்தியாவில் இந்த ஒழுங்கையெல்லாம் ஒரு வாகனம் கலைத்துவிடுகிறது. பஸ். ஏரோபிரிட்ஜ் கிடைக்காமல் தூரத்தில் நிற்கும் விமானத்துக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். முதலில் அழைக்கப்பட்டவர் முதலில் பஸ்ஸில் ஏறி உள்ளே தள்ளிப் போய் நிற்கிறார். கடைசியில் ஓடிவந்தவர் கதவருகே நிற்கிறார். விமானத்தடியில் பஸ் கதவு திறந்ததும் முதலில் இறங்குகிறவர் கடைசியில் வந்தவர்தான். பிரயாரிட்டிக்குக் காசு கட்டியவர் பஸ்ஸின் உள்ளே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பஸ்ஸில் ஒரு நன்மையும் உண்டு. விமானத்தின் முன்கதவு, பின்கதவு இரண்டையும் பயன்படுத்தலாம். முன்வரிசைக்காரர் முன்னால், பின்வரிசைக்காரர் பின்னால் ஏறினால் நடைவழியில் நடக்கும் தூரம் பாதியாகும். நம்மூர் விமான நிலையங்களில் காசில்லாமல் கிடைக்கும் நல்ல முறை இதுதான். போர்டிங் பாஸில் எந்தக் கதவு என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு நடந்தால் போதும். படிக்காமல் முன்கதவில் ஏறும் 29ஆம் வரிசைக்காரர் ஒருவர், எதிர்நீச்சல் போட்டு மொத்தப் பேரையும் நிறுத்திவைப்பார்.

இண்டிகோ பல இடங்களில் படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் வைக்கிறது. மூட்டுவலிக்காரரும் குழந்தையைத் தூக்கியவரும் அதில் ஏறுவதைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். சக்கர நாற்காலியும் அதில் ஏறும்.

11

பயணிகள் ஏறுகிற நேரத்தில் உள்ளே நிற்கும் பணிப்பெண்களையும் பணியாளர்களையும் பற்றி ஒரு குறிப்பு. பை தூக்கி வைக்க உதவுவதும், சீட் மாறி உட்கார்ந்தவர்களைச் சமாதானப்படுத்துவதும், அழும் குழந்தையைப் பார்ப்பதும் அவர்கள்தான். அவர்களுடைய வேலையில் மிகக் கடினமான அரைமணி அது. அமெரிக்க நிறுவனங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம் என்னவென்றால், கதவு மூடியபின்தான் மணிக்கணக்குச் சம்பளம் ஓடத் தொடங்கும். ஏற்றுகிற நேரத்துக்குத் தனிச் சம்பளம் இருந்ததில்லை. 2022 ஜூனில் டெல்டா நிறுவனம் அந்த நேரத்துக்குப் பாதி ஊதியம் தரத் தொடங்கியது. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் அதுவே முதல்.

அடுத்த முறை பை வைக்க இடமில்லை என்று அவர்களிடம் குரல் உயர்த்தும் முன் இது நினைவில் இருக்கட்டும்.

12

2019இல் வந்த ஓர் ஆய்வுதான் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எய்டன் பாக்மத்தும் வேறு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. சார்பியல் கோட்பாட்டில் காலவெளியை விவரிக்கப் பயன்படும் வடிவியலை விமான நடைவழிக்குப் பொருத்திப் பார்த்தார்கள். கேள்வி இதுதான்: மெதுவாக நகர்கிறவர்களை முதலில் ஏற்றுவதா, வேகமாக நகர்கிறவர்களை முதலில் ஏற்றுவதா?

வேகமானவர்களை முதலில் விட்டால் கூட்டம் சட்டென்று குறையும் என்றுதான் தோன்றும். கணக்கு மாறாக வந்தது. மெதுவானவர்களை முதலில் ஏற்றினால்தான் மொத்த நேரம் குறைகிறது.

இதை விளக்கச் சார்பியல் தேவையில்லை, சமையலறை போதும். சாம்பார் வைக்கிறவர் முதலில் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றுவார். அதற்குத்தான் நேரம் அதிகம். அது வேகும்போதே புளி கரைத்து, காய் நறுக்கி, தாளிக்க எடுத்து வைத்துவிடலாம். எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பருப்பை ஏற்றினால் வீடே பசியோடு காத்திருக்கும். மெதுவானவர்கள் ஒன்றாக ஏறினால், ஒருவர் பை வைக்கும் அதே நேரத்தில் இன்னொருவர் தன் வரிசையில் உட்கார்ந்துகொண்டிருப்பார். அவர்களுடைய தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே தாமதமாகிவிடும். கூட்டத்துக்கு நடுவே சிதறி வந்தால் ஒவ்வொருவரும் ஒரு புது அடைப்பு.

முதியவரையும் கைக்குழந்தைக்காரியையும் முன்னால் விடுவது இரக்கம், அதனால் நேரம் போகிறது, பொறுத்துக்கொள்கிறோம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமே இல்லை. இரக்கமும் வேகமும் ஒரே பக்கம் நிற்கின்றன.

13

சக்கர நாற்காலியில் வருகிறவர் விமானத்துக்குள் எப்படிப் போகிறார் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய நாற்காலி நடைவழியில் நுழையாது. கதவருகே அதிலிருந்து, மிகக் குறுகலான வேறொரு நாற்காலிக்கு மாற்றுவார்கள். நெஞ்சிலும் இடுப்பிலும் காலிலும் பட்டை போட்டுக் கட்டுவார்கள். நடைவழியில் தள்ளிக்கொண்டு போய், அவருடைய வரிசையில் இரண்டு பேர் சேர்ந்து அக்குளிலும் முழங்காலிலும் கை கொடுத்துத் தூக்கி சீட்டில் உட்காரவைப்பார்கள். சேலை விலகும். செருப்பு கழன்று விழும். வலிக்கும்.

இதெல்லாம் யாரும் இல்லாத விமானத்தில் நடந்தால் அது ஓர் உதவி. நூற்றைம்பது பேர் உட்கார்ந்து பார்க்கும்போது நடந்தால் அது வேறு.

என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒருமுறை, பெயர் சொல்ல வேண்டாம், ஒரு விமானத்தில் வீல்சேர் தள்ளுகிறவர் வரத் தாமதமாகி, எல்லோரும் ஏறி முடித்தபின் அம்மாவைக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் இரண்டு பைகளோடு நடந்தேன். தலைகள் திரும்பின. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். உட்கார்ந்தபின் வெகுநேரம் பேசவில்லை. கோவையில் இறங்கி வீட்டுக்கு வந்தபிறகு ஒரே ஒரு வரி சொன்னார்.

“எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க கண்ணு.”

முதல் அழைப்பு எதற்காக என்று அன்று புரிந்தது. மேல் அறையில் இடம் பிடிப்பதற்காக அல்ல. பார்வையாளர் இல்லாத அந்த ஐந்து நிமிடத்துக்காக.

14

அமெரிக்காவில் இந்த முதல் அழைப்பு ஒரு விதி. 1986இல் வந்த விமானப் பயண அணுகல் சட்டத்தின் கீழ், ஏறவோ உட்காரவோ கூடுதல் நேரம் வேண்டும் என்று மாற்றுத்திறனாளி கேட்டில் சொன்னால், விமான நிறுவனம் அவருக்கு முன்னதாக ஏறும் வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும். பிரீமியம் அட்டை வைத்திருப்பவர் அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் இந்தக் கதை வலியோடு எழுதப்பட்டது. 2012 பிப்ரவரியில், பெருமூளை வாதத்தோடு வாழும் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், கருத்தரங்கு ஒன்றுக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் புறப்பட்டார். ஏறி சீட்டில் உட்கார்ந்தபின் அவரை இறக்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2016 மே மாதம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரத் தீர்ப்பானது. மாற்றுத்திறனாளிகளின் கண்ணியம் பற்றி அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது.

2022 மே மாதம் ராஞ்சியில் சிறப்புத் தேவையுள்ள ஒரு சிறுவனை ஏற்ற மறுத்ததற்காக இண்டிகோவுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் விதி திருத்தப்பட்டது. உடல்நிலை காரணமாக ஒருவரை ஏற்ற முடியாது என்று நிறுவனம் தானாக முடிவெடுக்கக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

யார் முதலில் ஏறுவது என்ற கேள்விக்கு அடியில், யாரை ஏற்றுவது என்ற கேள்வி ஒன்று கிடக்கிறது.

15

சென்னைப் பன்னாட்டு முனையத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் வீல்சேர் வரிசையைப் பாருங்கள். மகள் பிரசவத்துக்கு டல்லாஸ் போகும் அம்மாக்கள். பேரனைப் பார்க்க நியூஜெர்சி போகும் தாத்தாக்கள். சிலருக்கு நடக்க முடியும். முடியாதது வேறு. துபாயிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ இறங்கி, அறிவிப்பு புரியாமல், ரயில் ஏறி முனையம் மாறி, அடுத்த கேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். “வீல்சேர் போட்டுடும்மா, அவங்களே கூட்டிட்டுப் போய் விட்டுடுவாங்க” என்று பிள்ளைகள் டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துவிடுகிறார்கள்.

இதைப் பித்தலாட்டம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தேவை ஒரு கை. வீல்சேர் என்ற பெயரில்தான் அந்தக் கை கிடைக்கிறது என்பதால் அதைக் கேட்கிறார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியாவில் மும்பை வந்த எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், வீல்சேருக்கு முன்பே சொல்லியிருந்தார். தம்பதி இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் கிடைத்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டுக் கூடவே நடந்தார். குடியேற்றப் பகுதியை அடையும் வழியில் சரிந்தார். உயிர் போய்விட்டது. இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

நாற்காலிகள் எண்ணி வைக்கப்பட்டவை. நடக்க முடிந்தவருக்கு வழிகாட்டியாக ஓர் ஆளை மட்டும் அனுப்பும் சேவை சில நிறுவனங்களில் உண்டு. அதைக் கேளுங்கள். நடக்கவே முடியாத ஒருவருக்கு அங்கே ஒரு நாற்காலி மிஞ்சும்.

16

முறை வரும் முன்பே வரிசையில் நுழைகிறவர்களைப் பிடிக்க, 2024இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேட்டில் ஒரு கருவி வைத்தது. உங்கள் பிரிவை அழைக்கும் முன் போர்டிங் பாஸைக் காட்டினால் ஒலி எழுப்பும். ஊழியர் திருப்பி அனுப்புவார். மூன்று விமான நிலையங்களில் சோதித்துவிட்டு, அந்த ஆண்டு நவம்பருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒலி எழுப்பி ஒழுங்கைக் காப்பாற்றலாம். ஆனால் ஒன்பது பிரிவுகள் வைத்திருக்கும் நிறுவனம் அது. பிரிவுகளைக் குறைத்து, பெட்டிக்கான கட்டணத்தைத் தளர்த்தினால், பாதிப் பேர் தாமாகவே உட்கார்ந்திருப்பார்கள்.

17

கோயிலில் பொது தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வரிசை பார்த்துப் பழகிய நமக்கு, காசு கொடுத்து முந்துவது புதிதில்லை. அதை முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன். அதிகப் பணம் கட்டியவருக்கு அகலமான இருக்கையும் நல்ல சாப்பாடும் கிடைக்கட்டும்.

முதல் அழைப்பு மட்டும் விற்பனைக்கு வரக் கூடாது. வீட்டுப் பந்தியில் சமையல்காரருக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று தெரியாது. பெரியவர்களும் பிள்ளைகளும் முதலில் உட்காரட்டும் என்று ஒரு குரல் வரும். எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். அந்தக் குரல் நமக்குத் தெரிந்த குரல். கேட்டில் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறவருக்கும் தெரிந்த குரல்தான்.

18

என் நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஒழுங்கு இது.

முதலில் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், ஊன்றுகோலோடு வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள். அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து முடிக்கும்வரை அடுத்த அழைப்பு கிடையாது. பிறகு உயர்வகுப்பு. பிறகு ஜன்னல், நடு, ஓரம், குடும்பம் பிரியாமல். இரண்டு கதவு திறக்க முடிந்த இடத்தில் இரண்டு கதவும்.

இதற்குப் புதுக் கருவி வேண்டாம். இன்று மாலை விமானத்திலேயே தொடங்கலாம்.

19

வாசகருக்கு.

உள்நாட்டு விமானங்களில் பொதுவாகப் புறப்படுவதற்கு 20 முதல் 25 நிமிடம் முன்புதான் கேட் மூடுகிறார்கள். அதுவரை உங்கள் சீட் உங்களுடையதுதான். பெரிய பெட்டியைச் செக்-இன்னில் கொடுத்துவிடுங்கள். காலடியில் போகிற அளவு பையோடு வாருங்கள். அப்போது முந்த வேண்டிய காரணமே போய்விடும்.

உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முதல் அழைப்பு தேவைப்பட்டால், கூச்சப்படாமல் கேட் ஊழியரிடம் போய்க் கேளுங்கள். மறந்துவிட்டார்கள் என்றால் நினைவூட்டுங்கள். அது அவர்களுக்கு உரியது.

தேவையில்லாதவர்கள், அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள்.